‘இஸ்’ மீது ஒரு வழக்கு

1806 ஜூன் 27 அன்று மதுரையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி ஒருவருக்கு மகன் பிறந்தான். பிறந்த கொஞ்ச காலத்திலேயே வலக்கண் பார்வை போய்விட்டது. ஏழு மாதக் கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அந்தப் பிள்ளை, 1828இல் லண்டனில் புதிதாகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் முதல் கணிதப் பேராசிரியர் ஆனார். பெயர் அகஸ்டஸ் டி மார்கன். கணிதமோ கணினியியலோ படித்தவர்களுக்கு ‘டி மார்கன் விதிகள்’ என்ற பெயரில் அவரைத் தெரியும். அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1847இல் வெளியிட்ட ‘ஃபார்மல் லாஜிக்’ என்ற நூலில், ஆங்கிலத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு குட்டி வினைச்சொல்லைப் பிடித்து நிறுத்தி விசாரித்தார். அந்தச் சொல் ‘இஸ்’.

எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீஸ் மனிதர், ஆகவே சாக்ரடீஸ் இறப்பவர் என்று தருக்கம் படிக்கும் எல்லாருக்கும் பழகிய வாய்பாட்டை ஆங்கிலத்தில் கட்டி நிறுத்துவது அந்தச் சொல்தான். ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டாத பல பதில்கள் வருகின்றன. டி மார்கன் கண்ட வழி துணிச்சலானது. தருக்கத்துக்கு இந்தச் சொல்லின் பொருள் தேவையே இல்லை, அதன் நடத்தை போதும் என்றார். முதலாவது இரண்டாவதோடு சேர்ந்து, இரண்டாவது மூன்றாவதோடு சேர்ந்தால், முதலாவதும் மூன்றாவதும் சேர வேண்டும். இப்படிப்பட்ட சில பண்புகள் கொண்ட எந்த உறவையும் ‘இஸ்’ இருந்த இடத்தில் வைக்கலாம். இணைப்புச் சொல் அப்போது வெறும் குறியீடாகிவிடுகிறது.

அந்தக் குட்டிச் சொல் தலையில் சுமக்கும் வேலைகளைப் பார்த்தால் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது விளங்கும். ‘காட் இஸ்’ என்றால் கடவுள் உண்டு. ‘ஷி இஸ் டால்’ என்றால் அவள் உயரமானவள். ‘எ வேல் இஸ் எ மாமல்’ என்றால் திமிங்கிலம் பாலூட்டி இனத்தைச் சேர்ந்தது. ‘தி மார்னிங் ஸ்டார் இஸ் வீனஸ்’ என்றால் விடிவெள்ளியும் வெள்ளிக் கோளும் ஒன்றேதான். ‘தி கேட் இஸ் ஆன் தி மேட்’ என்றால் பூனை பாயின் மேல். இருப்பு, பண்பு, இனம், ஒருமை, இடம் ஆகிய ஐந்துக்கும் ஒரே சொல்.

காலமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது. 1998 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் விசாரணை ஜூரியின் முன் சாட்சியம் அளித்தார். தமக்கும் ஒரு பெண்ணுக்கும் எந்த உறவும் இல்லை என்ற பொருளில் தம் வழக்கறிஞர் முன்பு சொல்லியிருந்த வாக்கியம் உண்மையா என்று கேட்கப்பட்டபோது, ‘இஸ்’ என்பதற்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றார். இந்தக் கணத்தில் இல்லை என்றா, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றா? ஊரே சிரித்தது. தப்பிக்கக் கேட்ட கேள்விதான். ஆனாலும் இலக்கணப்படி அதில் குற்றம் காண முடியாது.

இத்தனை வேலையும் ஒரே சொல்லிடம் எப்படி வந்து சேர்ந்தது? முதல் விடை, அது ஒரே சொல்லே இல்லை என்பது. ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீயிங், பீன் என்று ஆங்கிலப் பாடப் புத்தகம் வரிசையாகத் தரும் எட்டு வடிவங்களும், பிறப்பால் தொடர்பில்லாத சொற்கள் ஒரு கூரையின் கீழ் குடியேறிய கூட்டுக்குடும்பம்.

மூத்த வேர், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘எஸ்’. இருத்தல் என்பது பொருள். ‘ஆம்’, ‘இஸ்’ இரண்டும் இதன் வழி வந்தவை. இதுவே கிரேக்கத்தில் ‘எஸ்தி’, லத்தீனில் ‘எஸ்ட்’, சமஸ்கிருதத்தில் ‘அஸ்தி’. இரண்டாவது வேர் ‘பூ’. முளைத்தல், வளர்தல், ஆதல் என்று பொருள். ‘பீ’, ‘பீன்’ என்பவை இதன் பிள்ளைகள். கிரேக்கத்தில் இயற்கையைக் குறித்த ‘ஃபூசிஸ்’ இதிலிருந்து பிறந்தது. இயற்பியலுக்கு ‘ஃபிசிக்ஸ்’ என்ற பெயர் அந்த வழியில் கிடைத்தது. லத்தீன் வழியில் எதிர்காலத்தைக் குறிக்கும் ‘ஃப்யூச்சர்’ வந்தது. மூன்றாவது வேர் ‘வெஸ்’. தங்குதல், இராத் தங்குதல் என்று பொருள். ‘வாஸ்’, ‘வேர்’ என்ற இறந்தகால வடிவங்கள் இதன் மிச்சம். ‘ஆர்’ யார் வீட்டுப் பிள்ளை என்பதில் மொழியறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சுத் துணையோடு அது தெற்கே பரவி, ‘சிண்டன்’ என்ற பழைய வடிவத்தை வெளியேற்றியது. வெளியேறியதன் உடன்பிறப்பு ஜெர்மன் மொழியில் ‘ஜிண்ட்’ என்று இன்றும் புழங்குகிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் முதல் இரண்டு வேர்களும் தனித்தனியே நிகழ்கால வடிவங்கள் வைத்திருந்தன. கண்முன் நடப்பதற்கு ஒன்று. எப்போதும் உண்மையாக இருப்பதற்கும் இனி வரப்போவதற்கும் இன்னொன்று. பிறகு அந்த வேறுபாடு தேய்ந்து, எல்லாம் ‘இஸ்’ஸில் கரைந்தன.

இந்த மூன்று வேர்களும் வடமொழி வழியாகத் தமிழுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ‘ந அஸ்தி’, அதாவது ‘இல்லை’, என்பதிலிருந்து பிறந்தது நாத்திகம். ஆங்கில ‘இஸ்’ அதற்குள் இருக்கிறது. சத்து, சத்தியம் இரண்டும் அதே வேர். ‘பீ’யின் உறவினர்கள் பூதம், பூமி, சுபாவம், அனுபவம், சம்பவம். ‘வாஸ்’ஸின் உறவினர்கள் வாசம், வாஸ்து, சகவாசம். விரத நாளில் இறைவனருகே தங்குவதைக் குறித்த உபவாசமும் அதில் சேரும். ஆங்கிலேயர் ஒருவர் ‘இருந்தேன்’ என்று சொல்லும்போது ஒலிப்பதும், தமிழர் உபவாசம் இருக்கும்போது சொல்வதும் ஒரே பழைய வேர்.

இருத்தலுக்கும் ஆதலுக்கும் உள்ள உறவை இந்திய இலக்கண மரபு வெகு முன்பே யோசித்திருக்கிறது. யாஸ்கரின் நிருக்தம், வினைச்சொல்லின் உயிர் ‘பாவம்’, அதாவது ஆதல், என்கிறது. அந்த ஆதலுக்கு ஆறு நிலைகள் உண்டென்று வார்ஷ்யாயணி என்ற ஆசிரியரின் கருத்தையும் எடுத்துவைக்கிறது: பிறத்தல், இருத்தல், மாறுதல், வளர்தல், தேய்தல், அழிதல். ‘அஸ்தி’ இங்கே ஆறில் ஒன்றுதான். மாற்றம் என்ற பெரிய ஓட்டத்துக்குள் இருப்பு ஒரு கட்டம்.

கிரேக்கத்தில் நிலைமை தலைகீழ். தென் இத்தாலியின் எலேயா நகரத்துப் பார்மெனிடீஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், இருப்பது மட்டுமே இருக்கிறது, இல்லாததை நினைக்கவும் முடியாது, பேசவும் முடியாது என்று அடித்துச் சொன்னார். அப்படியானால் மாற்றம் என்பதே பொய்யாகிவிடும். பச்சைக் காய் பழுத்தால், முன்பு ‘இல்லாத’ சிவப்பு வந்தாக வேண்டும். இல்லாததிலிருந்து எது வரும்? இந்த முடிச்சு ஓர் இலக்கண வழுக்கலால் விழுந்தது என்று பின்வந்த பலர் வாதிட்டார்கள். கிரேக்கத்தில் ‘சிவப்பாக இல்லை’ என்பதற்கும் ‘இல்லவே இல்லை’ என்பதற்கும் அதே வினை, அதே எதிர்மறை. எழுத்துத் தமிழ் அறிந்தவருக்கு இது எளிதில் பிடிபடும். ‘அல்ல’ என்று படிக்க வேண்டிய இடத்தில் ‘இல்லை’ என்று படித்ததால் வந்த வினை. பிளேட்டோ ‘சோஃபிஸ்ட்’ என்ற உரையாடலில் பாடுபட்டு நிறுவியதும் இதைத்தான்: ஒன்று இன்னது அல்ல என்று சொல்வது, அது வேறொன்று என்று சொல்வதே, அதை இல்லாமல் ஆக்குவது ஆகாது. அவர் மாணவர் அரிஸ்டாட்டில், ‘இருக்கிறது’ என்பது பலவிதமாகச் சொல்லப்படுகிறது என்ற கருத்தையே தம் மெய்யியலுக்குத் தொடக்கமாக வைத்தார்.

அதற்குப் பிறகும் தகராறு ஓயவில்லை. 1660இல் வந்த பிரெஞ்சு நாட்டுப் போர்-ருவாயால் இலக்கணம், எல்லா வினைக்குள்ளும் இந்த ஒரே வினை பதுங்கியிருக்கிறது என்றது. பேதுரு வாழ்கிறான் என்பது, பேதுரு வாழ்பவனாக இருக்கிறான் என்பதன் சுருக்கமாம். 1843இல் ஜான் ஸ்டுவர்ட் மில், தம் தந்தை ஜேம்ஸ் மில் முன்பே சுட்டியதைத் தொடர்ந்து, இணைக்கும் ‘இஸ்’ஸையும் இருப்பைச் சொல்லும் ‘இஸ்’ஸையும் குழப்பியதால் விளைந்த வெற்றுத் தத்துவங்களைக் கண்டித்தார். குதிரை உடல் கொண்ட சென்டார் கவிஞர்களின் கற்பனை என்று சொல்வதால் சென்டார் எங்கோ மேய்ந்துகொண்டிருப்பதாக ஆகுமா என்பது அவர் கேட்ட கேள்வி. 1892இல் கோட்லோப் ஃப்ரேகே, ஒருமையைச் சொல்லும் ‘இஸ்’ வேறு, பண்பேற்றும் ‘இஸ்’ வேறு என்று கறாராகப் பிரித்தார். பெர்ட்ரண்ட் ரஸல் 1919இல் ஒரு படி மேலே போய், இவ்வளவு வேறான இரண்டு கருத்துகளுக்கு ஒரே சொல்லை வைத்திருப்பது மனித இனத்துக்கே இழுக்கு என்று எரிச்சல்பட்டார்.

இந்த எரிச்சல் ஆராய்ச்சி அறைக்குள் முடிந்துபோகிற ஒன்றாக இல்லாததற்குக் காரணம், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வியே இந்தச் சொல்லில் தொங்குவதுதான். 11ஆம் நூற்றாண்டில் துறவி அன்செல்ம் ஒரு நிறுவல் வைத்தார். கடவுள் என்றால் அதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்க முடியாதது. மனத்தில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. ஆகவே கடவுள் உண்மையில் இருந்தே ஆக வேண்டும். 1641இல் டேக்கார்ட் இதையே வேறு வடிவில் எடுத்தாண்டார். இமானுவேல் கான்ட் 1781இல் இதற்கு வைத்த மறுப்பு, ‘இஸ்’ஸின் இரண்டு வேலைகளைப் பிரிப்பதே. இருத்தல் ஒரு பண்பு இல்லை என்றார். கற்பனையில் உள்ள நூறு தாலர் காசுக்கும் கையில் உள்ள நூறு தாலருக்கும் வரையறை ஒன்றே. கையில் இருப்பதால் நூறோடு ஒரு காசும் கூடிவிடுவதில்லை. 1884இல் ஃப்ரேகே இதைக் கணக்கின் மொழியில் சொன்னார். ஒன்று உண்டு என்பது, அந்தக் கருத்தில் அடங்குபவற்றின் எண்ணிக்கை பூச்சியம் இல்லை என்பதே.

விவிலியத்தில் கடவுளின் பெயரே இந்த வினையில் அமைந்திருக்கிறது. விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தில், எரிந்தும் கருகாத முட்புதரின் முன் நின்று மோசே பெயரைக் கேட்கிறார். கிடைக்கும் விடையில் ‘எஹ்யே’ என்ற எபிரேய வினை இரு முறை வருகிறது. அதன் வேருக்கு இருத்தல், ஆதல், நிகழ்தல் என்று மூன்று பொருளும் உண்டு. வடிவமோ நிகழ்காலத்துக்கும் வருங்காலத்துக்கும் பொது. துணையாக உடன் வருவேன் என்ற வாக்குறுதியாகவும் அதைக் கேட்க முடியும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் யூத அறிஞர்கள் அதைக் கிரேக்கத்தில் ‘ஹோ ஓன்’, இருப்பவர், என்று பெயர்த்தார்கள். வாக்குறுதி தத்துவமாக மாறியது. கிழக்கத்திய மரபுவழிச் சபைகளின் படங்களில் கிறிஸ்துவின் ஒளிவட்டத்துக்குள் அந்த மூன்று கிரேக்க எழுத்துகள் இன்றும் வரையப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், ‘இருப்பவர்’ என்பதே கடவுளுக்கு மிகப் பொருந்தும் பெயர் என்று விளக்கினார். லூத்தரின் ஜெர்மன் விவிலியம் எதிர்காலத்தைத் தேர்ந்தது. தமிழ் மொழிபெயர்ப்புகள் ‘இரு’ என்ற வினையை இரட்டித்து நிகழ்காலத்தில் நிறுத்தின. அந்த ‘இரு’வுக்கு உட்காருதல், தங்குதல் என்ற பொருளும் தமிழில் உண்டு என்பதால், எபிரேயத்தின் உடனிருத்தல் கொஞ்சம் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

ஒரு வினைச்சொல்லால் ஒரு சமயமே பிளந்தது என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி 1529 அக்டோபரில் நடந்தது. இடம் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டை. ஹெஸ்ஸே சிற்றரசர் பிலிப், பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு எதிராகச் சீர்திருத்தக்காரர்களை ஒன்றுசேர்க்க நினைத்து, விட்டன்பர்க்கின் மார்ட்டின் லூத்தரையும் சூரிக்கின் உல்ரிக் ஸ்விங்லியையும் நேருக்கு நேர் உட்காரவைத்தார். கடைசி இராவுணவில் இயேசு அப்பத்தைக் காட்டி அது தம் உடல் என்று சொன்னாரே, அதற்கு என்ன பொருள் என்பதே தகராறு. லூத்தர் பேச்சு தொடங்கும் முன்பே அந்த லத்தீன் வாக்கியத்தைச் சுண்ணக்கட்டியால் மேசைமேல் எழுதித் துணியால் மூடி வைத்தார். வாதம் முற்றியபோது துணியை விலக்கி எழுத்தைக் காட்டினார். அங்கே ‘எஸ்ட்’ என்று இருக்கிறது. இருக்கிறது என்றால் இருக்கிறது. ஸ்விங்லியோ, அந்த ‘எஸ்ட்’ குறிக்கிறது என்ற பொருளில் வந்தது என்றார். தாம் திராட்சைக் கொடி என்று இயேசு சொன்னதை யாராவது அப்படியே கொள்கிறார்களா? இந்த விளக்கம் அவருக்கு நெதர்லாந்து வழக்கறிஞர் கொர்னேலியஸ் ஹூன் எழுதிய மடலிலிருந்து கிடைத்தது. மடலை 1525இல் அச்சிட்டதும் ஸ்விங்லிதான்.

மார்பர்க்கில் 15 கோட்பாடுகளை எழுதினார்கள். 14இல் உடன்பாடு. 15ஆவதில் இந்த ஒரு புள்ளி மட்டும் நின்றுவிட்டது. லூத்தரன் சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் தனித்தனி வழியில் போயின. இரண்டு ஆண்டு கழித்துக் கப்பெல் போர்க்களத்தில் ஸ்விங்லி கொல்லப்பட்டார்.

இந்தக் கதையில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பக்கம் உண்டு. லூத்தரை மறுத்தவர்கள் எல்லாரும் ‘எஸ்ட்’ மேல் பழி போடவில்லை. ஆந்திரேயாஸ் கார்ல்ஷ்டாட், சிக்கல் ‘இது’ என்ற சொல்லில் உள்ளது என்றார். அப்பத்தைக் கொடுத்தபோது இயேசு சுட்டியது அங்கே அமர்ந்திருந்த தம் சொந்த உடலையே என்பது அவர் கருத்து. மார்பர்க்கில் ஸ்விங்லியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பாசல் நகர எக்கொலம்பாடியுஸ், சிக்கலை ‘உடல்’ என்ற சொல்லில் வைத்தார். உடலின் அடையாளம் என்று படிக்கச் சொன்னார். மூன்று சொல்லுக்கு மூன்று பேர். அதோடு, இயேசு பேசியது அரமேயம். இதுபோன்ற வாக்கியத்தில் அரமேயத்துக்கு இணைப்பு வினை தேவையே இல்லை. லூத்தர் மேசைமேல் எழுதிக் காட்டிய அந்த ‘எஸ்ட்’ மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்தது.

அப்படியானால் வினையைக் குற்றவாளி என்பது எவ்வளவு சரி? இந்தியாவில் நடந்த இதே போன்ற வழக்கு இதற்குச் சாட்சி சொல்லும்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் பகுதியில் உத்தாலக ஆருணி தம் மகன் சுவேதகேதுவுக்கு ஒன்பது முறை சொல்லும் மகாவாக்கியம் ‘தத்துவமசி’ என்று பெயர் பெற்றது. அதன் வாலில் உள்ள ‘அசி’, ஆங்கில ‘இஸ்’ஸுக்கு நேர் உறவு. அது என்பதும் நீ என்பதும் அந்த வினையால் சேர்கின்றன. எப்படிச் சேர்கின்றன என்பதில்தான் வேதாந்தப் பள்ளிகள் பிரிந்தன. சங்கரரின் மரபு முழு ஒருமை என்றது. சர்வ வல்லமை உள்ள ‘அது’வும் சிற்றறிவுள்ள ‘நீ’யும் எப்படி ஒன்றாகும் என்ற தடைக்கு, இரண்டு சொல்லிலும் முரண்படும் பகுதியைக் கழித்து எஞ்சும் உணர்வை மட்டும் கொள்ள வேண்டும் என்று விடை தந்தது. மரபுப்படி 1017இல் திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசர், ‘நீ’ என்ற சொல் உன் உயிரோடு நிற்காமல், அந்த உயிரையே உடலாகக் கொண்ட இறைவன்வரை நீளுகிறது என்றார். 13ஆம் நூற்றாண்டின் மத்துவர் புணர்ச்சியைப் பிரித்தே வாக்கியத்தைக் கவிழ்த்தார். முன்னால் நிற்கும் ‘ஆத்மா’ என்ற சொல்லின் இறுதி ஆகாரத்தில் ஓர் அகரம் கரைந்திருக்கிறது. ஆகவே அது ‘தத்’ அல்ல, ‘அதத்’. நீ அது அல்லை என்றே தந்தை சொன்னார் என்பது அவர் முடிவு.

இம்மூவரும் கை வைத்தது பெயர்ச்சொற்களில். ‘அசி’யை யாரும் தொடவில்லை. வினை கண்முன் நிற்கும்போதும் வழக்கு வேறு சொல்லில் நடக்கிறது. தமிழில் இதை விளக்குவோர் ‘அது நீ ஆகிறாய்’ என்று சொல்வதுண்டு. அங்கே வேறொரு சாயல் புகுந்துவிடுகிறது. ‘ஆகு’ என்ற வினை இருத்தலைவிட ஆதலுக்கு நெருக்கம். ஏற்கெனவே இருக்கிற ஒருமையைக் காட்டுவதைவிட, பக்குவப்பட்டுப் போய்ச் சேரும் ஒருமையைக் காட்டுகிறது.

தமிழ் இலக்கணம் இந்த வேலைகளை முதலிலிருந்தே தனித்தனி அறையில் வைத்தது. தொல்காப்பியம் வேற்றுமையியலில் எழுவாய் ஏற்கும் பயனிலைகளை ஆறாக வகுக்கிறது. ஒரு பொருள் உண்டு என்று சுட்டுவது ஒரு வகை. தொழிலைச் சொல்வது, பண்பை ஏற்பது, இன்னொரு பெயரை ஏற்பது ஆகியவை வேறு வேறு வகை. மில்லும் ஃப்ரேகேயும் 19ஆம் நூற்றாண்டில் பிரிக்கப் பாடுபட்ட இருப்பும் பண்பும் அங்கே பிரிந்தே கிடக்கின்றன. பெயரைப் பெயரோடு சேர்க்க வினை எதுவும் வேண்டியதில்லை. அவர் ஆசிரியர், இது வீடு, முடிந்தது. இதற்கு நேர் எதிராக, பாணினிக்கு வார்த்திகம் எழுதிய காத்தியாயனர், வினை சொல்லப்படாத இடத்திலும் ‘அஸ்தி’ மறைந்து நிற்பதாகக் கொள்ள வேண்டும் என்று விதித்தார்.

ஆங்கிலத்தில் கூடிக் குழம்பிய மூன்று வேர்களின் பொருளும் தமிழில் தனித்தனி வினையாகவே நிற்கின்றன. தங்குவதற்கு ‘இரு’, மாறிச் சேர்வதற்கு ‘ஆகு’, இருப்பைச் சொல்ல ‘உள்’, ‘உண்டு’. பிறப்பில் தொடர்பு எதுவும் கிடையாது. வேலைப் பங்கீடு மட்டும் ஒத்துப்போகிறது. எதிர்மறையிலும் அதே கறார். பாம்பு அன்று, கயிறு என்பதற்கு ‘அன்று’, ‘அல்ல’. பாம்பே கிடையாது என்பதற்கு ‘இல்லை’. பேச்சில் இரண்டும் ‘இல்ல’ என்று கலந்துவிட்டாலும் எழுத்தில் எல்லை அழியவில்லை.

இப்படித் தெளிவாகப் பிரித்து வைத்த மொழியில் வழக்கே எழுந்திருக்கக் கூடாது. எழுந்தது. அதுவும் அந்த எல்லைக்கோட்டின் மேலேயே எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தில், அத்துவிதம் என்ற சொல் ஒன்று என்று கூறவில்லை, உயிரும் இறைவனும் வேறாகப் பிரிந்து நிற்பதை மறுக்கிறது என்றார். 18ஆம் நூற்றாண்டில் அந்நூலுக்கு மாபாடியம் எழுதிய சிவஞான முனிவர், அச்சொல்லின் முன்னால் நிற்கும் ‘அ’ என்ற எதிர்மறைக்கு என்ன பொருள் என்று எடுத்துக்கொண்டார். இன்மை, அன்மை, மறுதலை என்று மூன்று பொருள் அதற்கு வரலாம். இன்மை என்று கொண்டால் இரண்டு இல்லை, ஒன்றே உண்டு என்று சங்கரர் பக்கம் போய் நிற்கும். மறுதலை என்று கொண்டாலும் பொருந்தாது. அன்மையே அங்கே பொருந்தும்: இரண்டு அல்ல. உயிர் உண்டு, இறைவன் உண்டு, ஆனால் அவை இரண்டாய் நிற்பன அல்ல. பிளேட்டோ கிரேக்கத்தில் அகழ்ந்து எடுக்க வேண்டியிருந்த வேறுபாட்டைச் சிவஞான முனிவர் தமிழின் அன்றாடச் சொற்களிலேயே எடுத்து ஆயுதமாக்கினார். சங்கரர் வழிவந்த ஏகான்மவாதிகள் அதை ஏற்கவில்லை என்பதும் தெரிந்ததே. கருவி கூர்மையானது; வழக்கு முடியவில்லை.

சிந்தனையை மொழி கட்டுப்படுத்துகிறது என்று வாதிடுவோருக்கு இந்த வினை நெடுங்காலமாகப் பிடித்தமான சான்று. 10ஆம் நூற்றாண்டின் அல்ஃபாராபி தம் ‘எழுத்துகளின் நூல்’ என்ற அரபு நூலில், கிரேக்க ‘எஸ்தி’க்கும் பாரசீக ‘ஹஸ்த்’துக்கும் நிகரான சொல் அரபியில் இல்லை, அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் ‘அவன்’ என்று பொருள்படும் ‘ஹுவ’வையும் ‘கண்டெடுக்கப்பட்டது’ என்று பொருள்படும் ‘மவ்ஜூத்’தையும் வைத்துச் சமாளித்தார்கள் என்று பதிவுசெய்தார். 1958இல் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட், அரிஸ்டாட்டிலின் பத்துப் பகுப்புகளும் கிரேக்க இலக்கணத்தின் நிழலே என்று எழுதினார். கிரேக்கத்தின் ஒரு வினை செய்யும் வேலையை மேற்கு ஆப்பிரிக்காவின் எவே மொழி ஐந்து வினைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று காட்டினார். ஆனால் ‘எஸ்தி’க்கு நிகரான சொல்லே இல்லாத அரபியில்தான் இப்னு சீனா, ஒரு பொருள் எது என்பது வேறு, அது உண்டா என்பது வேறு என்ற பிரிவினையைத் தெளிவாக நிறுவினார். அக்வினாஸ் அவரிடமிருந்து அதைக் கற்றார். மொழியின் குறை என்று தோன்றிய ஒன்று அங்கே கண் திறந்தது.

இருபதாம் நூற்றாண்டில் சிலர் அந்தச் சொல்லையே வெட்டிப் பார்த்தார்கள். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் ஆல்ஃபிரட் கொர்ஸிப்ஸ்கி, 1933இல் வெளியிட்ட ‘சயன்ஸ் அண்ட் சானிட்டி’ நூலில், ஒருமையைச் சொல்லும் ‘இஸ்’ மனித மனத்தைக் கெடுக்கிறது என்றார். அவர் வழிவந்த டேவிட் போர்லண்ட் 1965இல் அந்த வினையின் எல்லா வடிவங்களையும் விலக்கிய ஆங்கிலத்தை முன்மொழிந்து அதற்கு ‘ஈ-பிரைம்’ என்று பெயர் வைத்தார். அதில் அவன் முட்டாள் என்று எழுத முடியாது. அவன் செய்தது எனக்கு முட்டாள்தனமாகத் தோன்றியது என்று சொல்பவர் தம்மை வெளிக்காட்டியாக வேண்டும். உளவியல் மருத்துவர் ஆல்பர்ட் எல்லிஸ் தம் நூல்கள் சிலவற்றை அப்படியே எழுதினார்.

சண்டையைத் தணிக்க அந்த முறை உதவலாம். சமயத்துக்கு அது வேறு தொல்லை தருகிறது. இராவுணவின் வாக்கியத்தை ஈ-பிரைமில் எழுத உட்காரும் ஒருவர், அப்பம் உடலைக் குறிக்கிறது என்று எழுதினால் ஸ்விங்லியின் பக்கம். உடலாக மாறுகிறது என்று எழுதினால் ரோமாபுரியின் பக்கம். உடலைத் தன்னோடு தருகிறது என்று எழுதினால் லூத்தருக்கு நெருக்கம். எந்த வினையை எடுத்தாலும் பேனாவைத் திறக்கும்போதே கட்சி சேர்ந்தாக வேண்டும். குழப்பமான ‘இஸ்’ இத்தனை பேரையும் ஒரே வாக்கியத்தை ஒரே குரலில் ஓத வைத்திருந்தது.

தமிழில் இரு வழியும் நடைமுறையில் உண்டு. புராட்டஸ்டன்ட் சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் மொழிபெயர்ப்பில், இராவுணவு வாக்கியத்தின் ‘சரீரம்’ என்ற சொல்லோடு ‘ஆயிருக்கிறது’ என்பதும் ஒட்டிவருகிறது. தமிழ் கேட்காத ஒரு வினையை மூலத்துக்கு உண்மையாக இருக்கச் சேர்த்திருக்கிறார்கள். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அந்த வினை இல்லை. சுட்டும் பெயரும் மட்டும், தொல்காப்பியர் வகுத்த பெயர்ப் பயனிலையாக நிற்கின்றன. அந்த வாக்கியத்தை ஏற்றுக்கொண்டவர்கள் அப்பத்தைப் பற்றித் தங்கள் தங்கள் சபைகள் வைத்திருந்த பழைய கொள்கைகளை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை.